அறுபதா, அறுபத்தைந்தா? மொரீஷியஸ் முதியோர் பென்ஷனுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

எங்கள் கோவில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடும் முதியோர் மன்றத்தில் ஒரு கடிதம் எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தொகுதியின் மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் (இங்கே ஒரு தொகுதிக்கு மூன்று பேர்) அது போக வேண்டும். விஷயம் பென்ஷன். அது கிடைக்கும் வயதை அரசு 60இலிருந்து 65க்கு ஏற்றுகிறது. எதைக் கேட்பது என்பதில்தான் ஒற்றுமை இல்லை. பாதிப் பேர் "பழையபடி அறுபதிலேயே கொடுங்கள் என்று எழுது" என்கிறார்கள். சிலர் "பங்களாவில் இருக்கிறவனுக்கு எதற்குப் பென்ஷன், இல்லாதவனுக்கு மட்டும் கொடு" என்கிறார்கள். இரண்டு மூன்று பேர், அதுவும் தணிந்த குரலில், "அரசாங்கம் சொல்வது சரிதான், கஜானா தாங்காது" என்கிறார்கள். மன்றத்தில் பேச்செல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நடக்கும், கடிதம் பிரெஞ்சில் போகும். ஆனால் எனக்கு ஒரு விஷயத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் மனம் தெளியும். அதனால் முதலில் இதை எழுதுகிறேன்.

எனக்கு 58 வயது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதும் வேலை. தம்பிக்கு 56, கொத்தனார். அத்தை கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர், இப்போது பென்ஷன் வாங்குகிறார். ஆக, இந்த ஒரு முடிவு எங்கள் வீட்டில் மூன்று பேரை மூன்று விதமாகத் தொடுகிறது. நான் எந்தப் பக்கம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடானாலும் நாடானாலும் வரவுக்குள் செலவு இருக்க வேண்டும், கொடுத்த வாக்கை மாற்றுவதானால் முன்கூட்டிச் சொல்லி மாற்ற வேண்டும், சிறுகச் சிறுகச் சேர்த்தவனை அதற்காகவே தண்டிக்கக் கூடாது என்று நினைக்கிறவன் நான். இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

நடந்தது என்ன? 2025 ஜூன் 5ஆம் தேதி பிரதமரும் நிதியமைச்சருமான நவீன் ராம்கூலம் பட்ஜெட் வாசித்தார். முதியோர் அடிப்படைப் பென்ஷன் கிடைக்கும் வயது படிப்படியாக 60இலிருந்து 65க்கு ஏறும் என்றார். ஏழு மாதம் முன்புதான், 2024 நவம்பர் 10ஆம் தேதித் தேர்தலில், தீவின் 60 இடங்களையும் அவருடைய கூட்டணி அள்ளியிருந்தது. 1982, 1995க்குப் பிறகு மூன்றாவது தடவையாக 60க்கு 0. அந்தத் தேர்தல் மேடைகளில் பென்ஷன் வயது ஏறும் என்று யாரும் சொல்லி நாம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு. 14ஆவது மாதச் சம்பளம் தருகிறோம் என்று இரண்டு பக்கமும் போட்டி போட்டார்கள். ஓட்டு வாங்கிய பிறகு வந்த முதல் பட்ஜெட்டிலேயே இந்தச் செய்தி வந்ததும் மக்கள் தெருவுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. அப்புறம் வேலை செய்ய முடியாதவர்களுக்கு உதவித்தொகை என்று சில தளர்வுகளை அரசு அறிவித்தது. கோபம் தணியவில்லை.

அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள, பென்ஷன் நாளில் எங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்குப் போக வேண்டும். அத்தையை நான்தான் காரில் கூட்டிப்போவேன். பேங்கில் போட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. வேண்டாம், நோட்டைக் கையில் வாங்கினால்தான் அது பணம் என்பார். அடையாள அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். ஜன்னலில் நோட்டுகளை வாங்கி, அங்கேயே நின்று இரண்டு தடவை எண்ணுவார். கைக்குட்டையில் சுற்றி, அந்தக் கைக்குட்டையை இடுப்பில் செருகுவார். வெளியே வந்ததும் பேரப்பிள்ளைகளுக்கு ஆறு ஜோடி தால்பூரி வாங்குவார். அதற்கு என்னைக் காசு கொடுக்க விடமாட்டார். பதினாறு வயதிலிருந்து கரும்புக் காட்டில் நின்ற கை அது. கரும்புச் சோகை அறுத்த கோடுகள் முழங்கைக்குக் கீழே இன்னும் வெள்ளையாகத் தெரியும். அந்தக் காலத்தில் கைக்குத் துணி சுற்றி, இடுப்பில் கோணிப்பை கட்டி, விடிகாலை நாலு மணிக்கு லாரி ஏறுவார்கள். கூலி மாமனார் கைக்குப் போகும், பிறகு கணவர் கைக்கு. தன் பெயரில், தன் கையெழுத்துக்கு, யாரிடமும் கேட்காமல் வந்த முதல் பணம் பென்ஷன்தான் என்று அத்தை சொல்வார். ஆகவே பென்ஷனே வேண்டாம், பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை, சந்தேகம் இல்லை. அந்தக் கடமையைச் செய்கிற வீட்டிலும், கிழவி தன் இடுப்பில் நாலு காசு வைத்திருந்தால் அவள் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது.

ஆனால் அந்தக் காசு எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2014 டிசம்பர் தேர்தலுக்கு முன் மாதம் 3,623 மொரீஷியஸ் ரூபாய். அந்தத் தேர்தலில் 5,000 தருகிறோம் என்றார்கள், தந்தார்கள். 2019 தேர்தலில் ஐந்து வருடத்தில் 13,500 ஆக்குகிறோம் என்றார்கள். 2020 தொடக்கத்தில் 9,000 ஆயிற்று, 2024இல் 13,500ஐத் தொட்டது, 2025இல் 15,000. பத்து வருடத்தில் நாலு மடங்கு. நாட்டின் உற்பத்தி அப்படி நாலு மடங்கு ஆகவில்லை. 2025இல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 17,110 ரூபாய். அதாவது மாதம் முழுக்க வேலை பார்க்கிற ஓர் இளம்பெண்ணின் அடிமட்டச் சம்பளத்துக்கும், வேலையிலிருந்து நின்றவரின் பென்ஷனுக்கும் இடைவெளி வெறும் 2,110. அந்தப் பெண்ணின் உழைப்பில் பிடிக்கும் வரியிலிருந்துதான் இந்தப் பென்ஷன் போகிறது என்பதை நாம் பேசுவதே இல்லை.

சரி, முதல் வழி: எதையும் தொடாமல், பழையபடி 60 வயதில் எல்லோருக்கும். மன்றத்தில் கைதட்டல் வாங்கும் வழி இதுதான். இதில் இரண்டு நல்ல குணங்கள் உண்டு. எளிமை ஒன்று. வயது ஆயிற்றா, அட்டை இருக்கிறதா, அவ்வளவுதான். யாரிடமும் போய் நிற்க வேண்டாம். இன்னொன்று வாக்கு. 59 வயதுக்காரர் அடுத்த வருடத்துப் பென்ஷனை நம்பி வீட்டுக் கடனுக்குத் தவணை போட்டிருப்பார்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கும் குறை. பணம் இல்லை. பொதுக்கடன் நாட்டு மொத்த உற்பத்தியில் சுமார் 90 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 2025 ஜனவரியில், நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் மூடீஸ் நிறுவனம் நம்முடைய தரத்தை முதலீட்டுக்குத் தகுந்த படிகளில் கடைசிப் படியில் வைத்துக்கொண்டே, பார்வையை எதிர்மறைக்கு மாற்றியது. அந்தப் படியிலிருந்து இறங்கினால் அரசு வாங்கும் கடனுக்கு வட்டி கூடும், ரூபாய் இன்னும் சரியும். அரிசி, பருப்பு, எண்ணெய், பெட்ரோல் எல்லாமே கப்பலில் வருகிற நாட்டில் ரூபாய் சரிந்தால் அடி முதலில் யாருக்கு? கையில் எண்ணி வாங்கிய 15,000த்தை வைத்து மாதத்தை ஓட்டுகிற அத்தைக்குத்தான். இன்னொரு பக்கம், நம்மில் ஐந்து பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். வீட்டுக்கு ஐந்து ஆறு பிள்ளைகள் இருந்த காலம் போய், ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றும் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விடுகிறது. என் பெரியவன் மெல்போர்னில் இருக்கிறான். அவன் கட்டும் வரி அங்கே போகிறது. குறை சொல்லவில்லை, கணக்கு அதுதான்.

சாகோஸ் தீவுகளை நமக்கு விட்டுக்கொடுத்து, அங்கே உள்ள இராணுவத் தளத்துக்குப் பிரிட்டன் பணம் தரப்போகிறதே, அதிலிருந்து கொடுக்கட்டும் என்று மன்றத்தில் ஒருவர் சொன்னார். 2025 மே 22ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது உண்மை. ஆனால் மாதம் தவறாமல் சாகும்வரை கொடுக்க வேண்டிய செலவை, இன்னொரு நாட்டு நாடாளுமன்றத்தின் மனதைப் பொறுத்து வரும் வரவில் கட்டக் கூடாது. அப்படி வரும் பணம் கடனை அடைக்கத்தான் போக வேண்டும்.

இரண்டாவது வழி, அரசு எடுத்திருப்பது: வயதை 65க்கு உயர்த்துவது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மாதம் 15,000, வருடத்துக்கு 12 மாதம், டிசம்பரில் ஒரு மாதம் கூடுதல். வருடத்துக்கு 1,95,000. ஐந்து வருடத்துக்கு 9,75,000. ஒரு ஆளுக்கு ஒன்பதே முக்கால் லட்சம். அறுபதைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் இந்தத் தொகை. இதைப் பெருக்கிப் பார்த்தால் நிதி அமைச்சகத்தில் யார் உட்கார்ந்தாலும் இந்த ஐந்து வருடத்தின் மேல்தான் கை வைப்பார்கள் என்பது புரியும். அதுவுமில்லாமல், சட்டப்படி ஓய்வு வயது 2008இலிருந்து படிப்படியாக ஏறி 2018இல் 65 ஆகிவிட்டது. பென்ஷன் வயது மட்டும் 2025 வரை 60இலேயே நின்றுவிட்டது. அதனால் என்னைப் போல அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் 60இலிருந்து 65 வரை முழுச் சம்பளமும் வாங்க முடிந்தது, பென்ஷனும் வாங்க முடிந்தது. எங்கள் அலுவலகத்திலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பென்ஷன் பணத்தில் வருடா வருடம் தமிழ்நாட்டுக்குக் கோவில் சுற்றுலா போகிறார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பணம் அவருக்கு முதுமை உதவியா என்று கேட்டால், இல்லை.

என் விஷயத்தில் இது நியாயம் என்றே சொல்வேன். உட்கார்ந்து வேலை பார்க்கிற எனக்கு 65 வரை கண் தெரியும், விரல் ஓடும். எனக்கு வரவேண்டிய ஒன்பதே முக்கால் லட்சம் தள்ளிப்போகும், தாங்கிக்கொள்வேன்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு மாடித் தளம் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பதில் சொல்லாமல் வலது கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினான். முழங்கால் ஒரு சின்னப் பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது. "அண்ணா, நீங்க நாற்காலியில உட்கார்ந்து வாங்கின 58. நான் ஏணியில ஏறி வாங்கின 56. ரெண்டும் ஒரே கணக்கா?" என்றான். தளம் போடுகிற நாளில் காலை ஆறு மணிக்கு மிக்ஸர் ஓடத் தொடங்கினால் கடைசி வாளி ஏறும்வரை நிறுத்த முடியாது, நடுவில் நின்றால் கான்கிரீட் மூட்டு விட்டுவிடும். நாற்பது வருடமாக அப்படி. அவனைப் போன்றவனுக்கு 62, 63இல் வேலை கொடுப்பது யார்? ஒப்பந்தக்காரர்கள் இப்போதே பங்களாதேஷிலிருந்து வந்த இளைஞர்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இந்த வழியின் பலவீனம் அந்த முழங்காலில் இருக்கிறது. வயதை உயர்த்துவது காகிதத்தில் எல்லோருக்கும் சமம். ஆனால் தொழில் உடம்பைத் தின்னும் வேகம் சமம் இல்லை. அரசு சொல்லும் உதவித்தொகை இதற்குத்தான் என்பார்கள். அதை வாங்க விண்ணப்பம் போட்டு, தகுதியை நிரூபித்து நிற்க வேண்டும். நாற்பது வருடம் யாரிடமும் கை நீட்டாதவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறையும் உண்டு, அது முறை சம்பந்தப்பட்டது. இந்த நாட்டிலேயே ஒரு வாக்கை மாற்றுவதற்குச் சரியான உதாரணம் இருக்கிறது. சர்க்கரை. 1975இலிருந்து ஐரோப்பா நம் சர்க்கரையை நிச்சயித்த நல்ல விலைக்கு வாங்கியது. அந்தக் காலம் முடியப்போகிறது என்று தெரிந்ததும், 2001இலேயே விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தார்கள். 2006இலிருந்து விலை மொத்தம் 36 சதவீதம் வெட்டப்பட்டபோது இரண்டாவது திட்டம் வந்தது. தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்குக் கையில் பணமும் ஏழு பெர்ச் நிலமும் கிடைத்தது. அத்தை அந்த முதல் திட்டத்தில் வந்தவர்தான். இன்று என் மருமகன் வீடு கட்டியிருப்பது அந்த ஏழு பெர்ச்சில். வேலை போனது வலிதான், அழுதார்கள். ஆனாலும் முன்கூட்டிச் சொன்னார்கள், மாற்றாக ஒன்று கொடுத்தார்கள். 2025இல் அந்தப் பக்குவம் இல்லை. ஜூனில் வாசித்து, அதே வருடம் தொடங்குகிறோம் என்றால், 59 வயதுக்காரன் எதை வைத்துத் தயாராவான்? முடிவு சரியாக இருந்தாலும் அவகாசம் இல்லாத முடிவு ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணத்தைத்தான் உண்டாக்கும். ஒரு தடவை அந்த எண்ணம் வந்துவிட்டால், அடுத்த சீர்திருத்தத்தை எந்த அரசும் வாயால் சொல்ல முடியாது.

மூன்றாவது வழியை இங்கே எல்லோரும் 'சிப்லாஜ்' என்பார்கள். வருமானம் பார்த்து, இல்லாதவருக்கு மட்டும் கொடுப்பது. கேட்கும்போது இதைவிட நியாயமானது எதுவும் இல்லை என்று தோன்றும். எனக்கு நாலு வழியிலும் பிடிக்காதது இதுதான்.

இது புதிது ஒன்றும் இல்லை. 1950இல் முதியோர் பென்ஷன் தொடங்கியபோது அப்படித்தான் தொடங்கியது. 1958இல் அந்தச் சோதனையை எடுத்தார்கள். அறுபதுகளில் ஒரு விதமாக மறுபடி வந்தது, எழுபதுகளில் போயிற்று. 2004இல், பால் பெராஞ்சே பிரதமராக இருந்தபோது, திரும்பவும் கொண்டுவந்தார்கள். 2005 தேர்தலில் ஆட்சி மாறியதும் முதல் வேலையாக எடுக்கப்பட்டது. தூக்கி எறியப்படும் என்று தெரிந்த கொள்கையில் யார் தன் முதுமையை நம்பி வைப்பார்கள்?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு. ஒரே சர்க்கரை ஆலையில் ஒரே சம்பளத்துக்கு வேலை பார்த்த இருவர். ஒருவர் சீட்டுப் போட்டு, மனைவி தையல் தைத்து, பின்பக்கம் ஒரு அறை கட்டி வாடகைக்கு விட்டார். இன்னொருவர் சனிக்கிழமை வந்தால் குதிரைப் பந்தயத்துக்குப் போனார், கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார். மூன்றாவது வழியில் முதல் வீட்டுக்குப் பென்ஷன் கிடையாது, இரண்டாவது வீட்டுக்கு உண்டு. இதைப் பார்க்கிற பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? சேர்த்தவன் முட்டாள் என்றுதான். வாடகை வருமானத்தை மறைக்கவும், நிலத்தைப் பிள்ளை பெயருக்கு அவசரமாக எழுதிவைக்கவும் கற்றுக்கொள்வார்கள். பிள்ளை பெயருக்கு எழுதிவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோரைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இல்லை. அப்புறம் வீடு வீடாகப் பார்க்க ஆள், படிவம், முறையீடு. கட்சிக்காரனைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்ற பழக்கம் அங்கே முளைக்கும். எல்லோருக்கும் கொடுப்பதில் ஒரு பெருமை உண்டு, அதில் ஆளும் கட்சிக்குக் கை நுழைக்க இடம் இல்லை. அந்த ஒன்றை இழக்கக் கூடாது.

பக்கத்தில் இன்னொரு வழியும் பேசப்படுகிறது: வயதைத் தொடாமல், தொகையை 15,000இலேயே பல வருடம் நிறுத்திவைப்பது. விலைவாசி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதில் யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள் என்பதுதான் அதன் கவர்ச்சி. முதியவர் தட்டிலிருந்து சத்தம் இல்லாமல் எடுப்பது அது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நான்காவது வழியைப் பற்றித்தான் மன்றத்தில் யாரும் பேசவில்லை. சம்பளத்திலிருந்து பணம் கட்டியவர் பெயரிலேயே தனியாகச் சேர்ந்திருக்கும் நிதி. இதுவும் நம்மிடம் இருந்ததுதான். 1976இல் தேசியப் பென்ஷன் சட்டம் வந்தது, 1978இலிருந்து தேசியப் பென்ஷன் நிதிக்குப் பிடித்தம் தொடங்கியது. தொழிலாளி சம்பளத்தில் 3 சதவீதம், முதலாளி 6 சதவீதம். அடிப்படைப் பென்ஷன் ஒரு பக்கம், அதன் மேல் அவரவர் கட்டியதற்கு ஏற்ற பென்ஷன் இன்னொரு பக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தைப் பார்த்து என் அப்பா, "இது உன் கிழவன் காலத்துக் காசு, இதை மட்டும் யாரும் தொட முடியாது" என்றார்.

தொட்டார்கள். 2020 செப்டம்பரில் அந்த நிதிக்குக் கட்டுவதை நிறுத்தி, பொதுச் சமூகப் பங்களிப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஊரில் சே-எஸ்-ஜே என்றால் எல்லோருக்கும் தெரியும். 50,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு 1.5 சதவீதம், முதலாளிக்கு 3. அதற்கு மேல் சம்பளம் என்றால் 3, 6. பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தம் பாதியாயிற்று, கையில் வருவது கூடிற்று, சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அந்தப் பணம் தனி நிதியில் உங்கள் பெயரில் சேர்வதில்லை, அரசின் பொதுக் கஜானாவுக்குப் போகிறது. 2022இலிருந்து அந்தப் பெயரிலேயே மாதாமாதம் பலவிதப் படிகளும் கொடுக்கத் தொடங்கினார்கள். விதை நெல்லை எடுத்துப் பொங்கல் வைத்த கதை.

ஒரு கணக்குப் பாருங்கள். நாற்பது வருடத்துக்கும் சராசரியாக மாதம் 15,000 சம்பளம் வாங்கிய ஒருவர் என்று வையுங்கள். பழைய முறையில் இருவர் பங்கும் சேர்த்து 9 சதவீதம், மாதம் 1,350. நாற்பது வருடத்தில் வட்டி இல்லாமலே 6,48,000. புதிய முறையில் 4.5 சதவீதம், மாதம் 675, நாற்பது வருடத்தில் 3,24,000. 60இலிருந்து 65 வரை மட்டும் அவருக்குக் கொடுக்க வேண்டிய அடிப்படைப் பென்ஷனோ 9,75,000. ஒரு ஆயுள் முழுக்கக் கட்டுவதைப் போல மூன்று மடங்கு, முதல் ஐந்து வருடத்திலேயே. அதற்குப் பிறகும் அவர் இருபது வருடம் வாழலாம், வாழட்டும். இந்தப் பள்ளத்தை வேறு வரிகள் மூட வேண்டும், இல்லையென்றால் கடன் மூட வேண்டும். கடன் மூடியது, அது 90 சதவீதம் ஆயிற்று.

நம் ஆட்களுக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை. கோவில் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. பதினோராவது வருடம் விழித்துக்கொண்டு கடன் வாங்குகிற கமிட்டியை நாம் மதிப்போமா? கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த அடுத்த மாதமே தனிக் கணக்குத் திறந்து, உண்டியலில் ஒரு பங்கை அதில் போடுகிறோம். அந்தக் கணக்கிலிருந்து தைப்பூசக் காவடிச் செலவுக்குக்கூட எடுக்கக் கூடாது என்று எங்கள் கமிட்டியில் எழுதாத சட்டம். தலைவர்கள் மாறுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், அந்தக் கணக்கை யாரும் தொட்டதில்லை.

நான்காவது வழிக்கும் குறை இருக்கிறது, மறைக்கமாட்டேன். கட்டியவருக்கு மட்டும் என்று வைத்தால் அத்தை போன்றவர்கள் தப்புவார்கள், தோட்டத்தில் பிடித்தம் இருந்தது. ஆனால் என் அம்மா? ஏழு பிள்ளைகளை வளர்த்தவர், ஒரு நாளும் சம்பளச் சீட்டு பார்த்ததில்லை. மீன் பிடிக்கிறவர், தெருவில் பழம் விற்கிறவர், வீட்டு வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். அதோடு இன்று கட்டத் தொடங்கினால் பலன் தெரிய இருபது, முப்பது வருடம். இன்று 59 வயதில் இருப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆகவே இது தனியாக நிற்காது. அடிப்படைப் பென்ஷன் எல்லோருக்கும் அடித்தளமாக இருக்க வேண்டும், அதன் மேல்தான் இந்த நிதி நிற்க முடியும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் எனக்கு வரும் முடிவு இது: இரண்டாவது வழியும் நான்காவது வழியும் சேர்ந்து, ஆனால் அரசு நடத்திய வேகத்தில் இல்லாமல். வயது 65க்குப் போகட்டும். அலுவலகத்திலும் கடையிலும் அரசுப் பணியிலும் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது போகத்தான் வேண்டும். ஆனால் 55ஐத் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒரு சில மாதம் என்று மெதுவாக ஏறட்டும். அறிவித்ததற்கும் தொடங்குவதற்கும் நடுவில் ஒருவர் தன் கடனையும் வேலையையும் திருத்திக்கொள்ள நேரம் இருக்க வேண்டும்.

உடல் உழைப்புத் தொழிலில் முப்பது வருடம் இருந்ததற்குப் பதிவு உள்ளவர்களுக்கு 60ஐயே வைக்கலாம். கரும்பு, கட்டடம், துறைமுகம், மீன்பிடி. இதற்கு முழங்காலைக் காட்ட வேண்டாம், வீட்டு வருமானம் காட்ட வேண்டாம். பழைய தேசியப் பென்ஷன் நிதியின் பதிவேடுகளில் யார் எங்கே எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பது இருக்கிறது. தொழிலைப் பார்த்துக் கொடுப்பதும் சொத்தைப் பார்த்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. முதலாவது உழைப்புக்கு மரியாதை. தம்பி போலப் பல வருடம் பதிவே இல்லாமல் நாள்கூலிக்கு ஓடியவர்கள் இதிலும் விடுபடுவார்கள். அவர்களுக்கு ஊர்க் கிராம மன்றம், தொழிற்சங்கம், இரண்டு சாட்சி என்று ஒரு வழி வைக்க வேண்டியிருக்கும். அதில் கொஞ்சம் தில்லுமுல்லு நடக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்ததாக, இன்று 25 வயதில் இருப்பவர் பெயரில் தனிக் கணக்கு. இப்போது பிடிக்கும் பணத்திலிருந்தே ஒரு பங்கைப் பொதுக் கஜானாவுக்குப் போகவிடாமல் அந்தக் கணக்கில் போட வேண்டும். அதிலிருந்து எடுக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் நாலில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். 60க்கு 0 என்று ஜெயிக்கிற நாட்டில் அதுகூடப் போதுமான பூட்டா என்று எனக்குக் கவலைதான். பெயர் போட்ட கணக்காக இருந்தால், கை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். ஓட்டு எண்ணிக்கையைவிட அதுதான் நல்ல பூட்டு.

நேற்று இரவு கடிதத்தின் முதல் வரைவைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். 65 என்ற இடத்தில் முகம் சுளித்தான். உழைப்பாளிக்கு 60 என்ற இடத்தில் தலையை ஆட்டினான். இரண்டு சாட்சி என்று வந்ததும், தன்னோடு முதல் தளம் போட்டவர்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். நாலு பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் வாசிக்கப்போகிறேன். அத்தை முன் வரிசையில் உட்காருவேன் என்றிருக்கிறார். மகள் பிரெஞ்சில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள், மூன்று உறுப்பினர்களுக்கும் மூன்று பிரதி, மன்றத்துக்கு ஒன்று. கையெழுத்துக்கு அடியில் ஒரு முழுப் பக்கம் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.